மூலையில் ஒரு கட்டைவிரல்

பெரம்பலூரில் உரக்கடை மாடியில் இருந்த அந்த ஆபீஸில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் மேஜையில் இரண்டு மானிட்டர்கள் இருந்தன. ஒன்று பதினேழு அங்குலம், புதிது. இன்னொன்று பதினைந்து அங்குலம், மூடிவிட்ட ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து வாங்கி வந்தது. அதன் நெற்றியில் யாரோ ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டிய தடம் அப்படியே இருந்தது. ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு டி.வி. என்று என் அம்மா கேட்டாள். ஒன்று பார்க்க, ஒன்று எழுத என்றேன். படிக்கிற காலத்தில் ஒரு நோட்டையே ஒழுங்காகப் பார்க்காதவள்தானே நீ என்றாள். எங்கள் வீட்டில் பேச்சு எப்போதும் அப்படித்தான்.

வேலை இதுதான். வளைகுடாவில் கட்டப்போகும் கட்டடங்களின் பிளான்கள் ஸ்கேன் செய்யப்பட்டு எங்களுக்கு வரும். பிளானைப் பெரிய மானிட்டரில் திறந்து வைத்துக்கொள்வேன். அதில் ஏதாவது ஒரு சுவரின் நீளம் எழுதப்பட்டிருக்கும். அந்தச் சுவரின் இரண்டு முனைகளிலும் கிளிக் செய்து, இது இத்தனை மீட்டர் என்று சாஃப்ட்வேருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதன்பிறகு அந்தத் தாளில் எங்கே கிளிக் செய்தாலும் அதுவே அளவைச் சொல்லிவிடும். சுவர் சுவராக, அறை அறையாக அளந்து, சின்ன மானிட்டரில் உள்ள கட்டங்களில் நிரப்பி, எவ்வளவு கல், எவ்வளவு டைல்ஸ், எவ்வளவு பெயிண்ட் என்று அனுப்ப வேண்டும். கட்டட வேலைக்காரர்கள் இதைக் குவாண்டிட்டி எடுப்பது என்பார்கள். பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு வெயிலில் நிற்காமல் செய்யக்கூடிய வேலை இது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் என்னோடு இன்னொரு பெண் இருந்தாள். கல்யாணமாகி ஆத்தூருக்குப் போய்விட்டாள். ஓனர் சார் பல வருடம் வெளிநாட்டில் எஞ்சினியராக இருந்து திரும்பியவர். காலையில் வந்து மெயில் பார்த்துவிட்டு, உள்ளூரில் தான் கட்டிக்கொண்டிருந்த வீடுகளைப் பார்க்கப் போய்விடுவார். பிறகு நாள் முழுக்க நான் மட்டும்தான். கீழேயிருந்து பூச்சிமருந்து வாடை மேலே வரும். பருத்திக்கு என்ன அடிப்பது, வெங்காயத்துக்கு என்ன அடிப்பது என்று விவசாயிகள் கடைக்காரரிடம் கேட்பது கேட்கும். கரண்ட் போனால் யு.பி.எஸ். கீச்சிடும். மதியம் சோற்று டப்பாவைத் திறந்து, மானிட்டருக்கு முன்னாலேயே சாப்பிட்டு, மூலையில் விரிப்பைப் போட்டு லுஹர் தொழுதுவிட்டு மறுபடி உட்காருவேன். சில நாட்களில் சாயங்காலம் பஸ் கண்டக்டரிடம் அரியலூர் ஒண்ணு என்று சொல்லும்போதுதான் காலையிலிருந்து நான் வாயைத் திறக்கவே இல்லை என்பது உறைக்கும்.

எனக்குக் கல்யாணம் நடந்தது சுனாமி வந்ததற்கு அடுத்த வருடம். அவர் ஊர் லப்பைக்குடிக்காடு. அங்கே வீட்டுக்கு ஒருவராவது சபுரில் இருப்பார். வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போவதை அப்படித்தான் சொல்வார்கள். லீவில் வந்தவர் பெண் பார்த்து, நிக்காஹ் முடித்து, சொந்தக்காரர்கள் வீட்டு விருந்தையெல்லாம் சாப்பிட்டு, இரண்டாவது மாதம் திருச்சி ஏர்போர்ட்டில் கையாட்டிவிட்டுப் போய்விட்டார். விசா வந்ததும் நான் போய்ச் சேர்ந்துகொள்வது என்று பேச்சு. அதுவரைக்கும் பெண் அரியலூரிலேயே இருக்கட்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார். அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். மூத்த மருமகளும் அவள் பிள்ளைகளுமாக அந்த வீடு நிரம்பி வழிந்தது. நான் போயிருந்தால் என் பெட்டியை வைக்கவே இடம் தேட வேண்டும்.

ஆகவே கட்டிக்கொடுத்த பெண்ணான நான் பிறந்த வீட்டில் இருந்தேன். அப்படி இருப்பவளைப் பார்க்கிற எல்லோருக்கும் கேட்க ஒரே ஒரு கேள்விதான் உண்டு: எப்பப் பயணம்? முதலில் அடுத்த மாசம் என்றேன். பிறகு நோன்பு முடிஞ்சு என்றேன். பிறகு ஹஜ் பெருநா முடிஞ்சு என்றேன். கேட்பவர்களுக்கு அலுக்கவே இல்லை. எனக்குத்தான் பெருநாள்கள் தீர்ந்துகொண்டிருந்தன.

இந்த வேலையைப் பிடித்துக்கொடுத்ததே அவர்தான். எங்களுக்கு வந்த பிளான்கள் அவர் கம்பெனியுடையவை. அங்கே சைட் ஆபீஸில் வரைபடங்களை அடுக்கி வைப்பதும் ஸ்கேன் செய்து அனுப்புவதும் அவர் வேலை. அவர் மேஜையிலும் பெரிது ஒன்று, சின்னது ஒன்று என்று இரண்டு மானிட்டர்கள். அவர் அங்கே அனுப்புவார், நான் இங்கே திறப்பேன். புருசனும் பெண்டாட்டியும் ஒரே ஆபீஸில் வேலை பார்க்கிற மாதிரிதான் என்று போனில் சொல்வார். நடுவில் ஒரு கடல் இருக்கிறதே என்பேன். ஆபீஸ் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான் என்பார்.

பிளான் தாள் பெரிது, அங்கிருந்த ஸ்கேனரோ சின்னது. தாளை வைத்துவிட்டு மூடியை மூட முடியாது. நழுவாமல் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் மவுஸைத் தட்ட வேண்டும். அப்படி அழுத்தும்போது அவருடைய இடது கட்டைவிரல் தாளின் ஓரத்துக்கு அடியில் நுழைந்து கண்ணாடியில் படிந்துவிடும். கறுப்பு வெள்ளை ஸ்கேன். ரேகையோ நகமோ தெரியாது. ஒவ்வொரு பிளானின் கீழ் மூலையிலும் கறுப்பாக, நுனி வளைந்து, ஒரு கட்டைவிரல் இருக்கும்.

சாருக்கு அதைக் கண்டால் ஆகாது. அந்த மூலையில்தான் தாளின் எண் இருக்கும்.

“என்னம்மா, பிளான் அனுப்பச் சொன்னா ஒங்க வூட்டுக்காரரு கைநாட்டு வச்சு அனுப்புறாரு? இங்க என்ன பத்திரப் பதிவா நடக்குது?”

“சொல்லிர்றேன் சார்.”

நான் சொல்லவே இல்லை. ஏன் சொல்ல வேண்டும்? அந்த மூலையைத் தவிர அந்தத் தாள் முழுவதும் யார் யாருடைய வீடோதான்.

ஒருநாள் வேலைக்கு நடுவில் சும்மா அந்த விரலின் இந்தப் பக்கம் ஒரு கிளிக், அந்தப் பக்கம் ஒரு கிளிக் வைத்துப் பார்த்தேன். அந்தப் பிளான்களில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஒரு மீட்டர். சுவரா விரலா என்று சாஃப்ட்வேருக்குத் தெரியாது. அகலம் இரண்டு மீட்டர் இருபது என்று காட்டியது. அந்த வீட்டுக் குளியலறைக்கே அவ்வளவு அகலம் இல்லை. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு அடங்காமல், அந்தக் கட்டைவிரலுக்கு டைல்ஸ் ஒட்டினால் எவ்வளவு ஆகும் என்றும் கணக்குப் போட்டேன்.

அவர் வியாழக்கிழமை சாயங்காலம் கூப்பிடுவார். மறுநாள் அங்கே விடுமுறை. நான் அரியலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது போன் வரும்.

“மச்சான், ஒங்க கட்டவெரலுக்கு டைல்ஸ் ஒட்ட ஒரு பொட்டி பத்தாது, தெரியுமா?”

“என்ன புள்ள சொல்ற?”

சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்றவர் யாரோ என்னவென்று கேட்டது எனக்குக் கேட்டது. இனிமேல் கவனமாக இருப்பார், விரலை எடுத்துவிடுவார் என்று பயந்தேன். அடுத்த வாரம் வந்த பிளானில் விரல் முன்பைவிட உள்ளே தள்ளி, சமையலறை வரை வந்திருந்தது.

அதன்பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றைப் பெரிய மானிட்டரின் கண்ணாடிமேல் வைத்து, படத்தில் ஒரு சென்டிமீட்டர் கண்ணாடியிலும் ஒரு சென்டிமீட்டராக வரும்வரை பெரிதாக்குவேன். இப்போது அவர் விரல் நிஜ விரல் அளவுக்கு நிற்கும். அதன்மேல் என் கட்டைவிரலை வைப்பேன். கண்ணாடி லேசாகச் சடசடக்கும். என் விரலுக்கு இரண்டு பக்கமும் அவர் விரல் கொஞ்சம் கொஞ்சம் வெளியே தெரியும். கல்யாண ஆல்பத்தில் மாலையும் தொப்பியுமாக உட்கார்ந்திருப்பவர் யாரோ போலத் தோன்ற ஆரம்பித்திருந்தது. அவர் முகம் எனக்கு மறந்துகொண்டே வந்தது. இதை யாரிடம் சொல்வது? அந்த விரல் மட்டும் மறக்கவில்லை.

அவரும் சும்மா இருக்கவில்லை. எனக்கு வளையல் வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். கையை ஸ்கேன் பண்ணி அனுப்பு, பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வை என்றார். சார் இல்லாத நேரம் பார்த்து எங்கள் ஆபீஸ் ஸ்கேனரில் கையைக் குவித்து வைத்து அனுப்பினேன். அவர் அதைத் தன்னுடைய சின்ன மானிட்டரில் திறந்து, நிஜ அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்துவிட, படத்தைச் சட்டென்று பக்கத்துப் பெரிய மானிட்டருக்கு இழுத்துவிட்டிருக்கிறார். மேனேஜர் போனதும் அந்தப் பெரிய மானிட்டரின் மேலேயே டிரேசிங் பேப்பரை வைத்து, பென்சிலால் என் கையை வரைந்துகொண்டு கடைக்குப் போய்விட்டார். ஒரே படம்தான், ஆனால் பெரிய மானிட்டரில் எல்லாமே ஒரு சுற்றுப் பெரிதாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக ஸ்கேல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அதே வேலையில் இருக்கிற மனுசனுக்கு அது தெரியாதா? தெரியும். அவசரம்.

ஊருக்கு வந்தவர் ஒருவரிடம் வளையல்கள் வந்து சேர்ந்தன. நீலக் கல் வைத்தவை, அழகாகத்தான் இருந்தன. கையைத் தூக்கினால் முழங்கைக்குப் போயின. தொங்கவிட்டால் தரையில் விழுந்து உருண்டன.

“இது ஒனக்கு வாங்குனதா, எருமைக்கு வாங்குனதா?” என்றாள் அம்மா.

நான் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீ அங்கே சாப்பிட்டுக் குண்டாகு, சரியாகிவிடும் என்றார். அந்தச் சண்டைதான் எங்கள் கல்யாணத்தில் நடந்த முதல் நல்ல சண்டை. நேரில் இருந்திருந்தால் இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். போனில் பேசாமல் இருந்தால் லைன் போய்விட்டது என்றல்லவா நினைப்பார்கள்?

அந்த வருடக் கடைசியில் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் பிளான் வந்தது. கம்பெனி தன் ஆட்களுக்காகக் கட்டும் மூன்று மாடிக் கட்டடம். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை என்று வரிசையாக வீடுகள். அந்த வியாழக்கிழமை அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

“நல்லா பாத்து அள புள்ள. அதுல ஒண்ணு நமக்கு.”

“நெசமாவா?”

“ஆபீஸ் ஆளுங்களுக்கு குடுக்குறாங்க. பேரு குடுத்திருக்கேன். விசாவும் கூடவே போடுறாங்க, இன்ஷா அல்லாஹ்.”

மற்ற வீடுகளை அளக்க ஒரு நாள் ஆனது. எங்களுடைய வீட்டை, அதாவது இரண்டாம் மாடியில் ஓரமாக நான் தேர்ந்தெடுத்துக்கொண்ட வீட்டை, வாரம் முழுக்க அளந்தேன். கட்டில் எங்கே, பீரோ எங்கே, தொழுகை விரிப்பு எந்தத் திசையில் என்று பார்த்தேன். சமையலறை ஜன்னல் கிழக்கில் இருந்தது. மிக்ஸி வைக்கும் மேடை எனக்கு உயரமாக இருக்கும் என்று கவலைப்பட்டேன். இதையெல்லாம் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. அப்போது எனக்கு இருந்த ஒரே வீடு அதுதான். அம்மா வீட்டில் நான் விருந்தாளி, மாமியார் வீட்டிலும் விருந்தாளி. அந்தத் தாளில் மட்டும்தான் நான் வீட்டுக்காரி.

எப்பப் பயணம் என்று கேட்டவர்களிடம் இப்போது நானாகவே வீட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். தன் பங்குக்கு அம்மாவும் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். ஒரு பெரிய பெட்டி வாங்கி வந்து வாசலில் இருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் வைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து அதே குவார்ட்டர்ஸின் திருத்திய பிளான் வந்தது. ஜன்னல்களைக் கொஞ்சம் நகர்த்தியிருந்தார்கள். எது மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பழைய தாளைப் பெரிய மானிட்டரிலும் புதிய தாளைச் சின்ன மானிட்டரிலும் திறந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. இரண்டு தாளிலும் அதே கீழ் மூலையில் விரல் இருந்தது. பெரிய மானிட்டரில் பெரிய விரல். சின்ன மானிட்டரில் சின்ன விரல்.

சின்ன மானிட்டரில் எல்லாமே சின்னதாகத்தானே தெரியும் என்று வேலையைத் தொடர்ந்தேன். வளையல் விஷயத்தில் அவரை அவ்வளவு திட்டியவள், இப்போது நானே அந்த வித்தியாசத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆனால் மனம் கேட்கவில்லை. புதிய தாளையும் பெரிய மானிட்டருக்கு இழுத்தேன். ஸ்கேலை வைத்து நிஜ அளவுக்குக் கொண்டுவந்து என் கட்டைவிரலை வைத்தேன். இரண்டு பக்கமும் எதுவும் வெளியே தெரியவில்லை. என் விரல் அதை முழுசாக மூடிவிட்டது.

ஸ்கேலைச் சரியாக வைத்திருக்க மாட்டேன் என்று நினைத்தேன். கண்ணாடி வளைந்தது, அதில் அளப்பது எப்போதும் முன்னே பின்னேதான் இருக்கும் என்றும் நினைத்தேன். கடைசியாக, செய்யக்கூடாது என்று நினைத்துக்கொண்டே, சாஃப்ட்வேரை வைத்தே தாளுக்குள் அளந்தேன். எந்த மானிட்டரில் பார்த்தாலும் அந்த அளவு மாறாது. இந்தப் பக்கம் ஒரு கிளிக், அந்தப் பக்கம் ஒரு கிளிக். இரண்டு மீட்டர் இருபது இல்லை, ஒரு மீட்டர் எழுபது.

யாரோ ஒருவருடைய விரல் என் வீட்டு மூலையில் இருந்தது.

அவர் ஒருநாள் லீவு போட்டிருக்கலாம், பக்கத்துச் சீட்டுக்காரர் உதவியிருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமை பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

“அந்த ஜன்னல் மாத்துன பிளான் வந்துச்சு. நீங்கதான அனுப்புனீங்க?”

“பின்ன யாரு? நாந்தான் புள்ள.”

கொஞ்சம்கூடத் தயங்காமல் சொன்னார். பிறகு அவராகவே ஆபீஸ் கதைகளைச் சொன்னார். ஏ.சி.யை ரொம்பக் கூட்டி வைத்துவிடுகிறார்களாம், உட்கார முடியவில்லையாம், கை விறைத்துப்போகிறதாம். இவ்வளவையும் நான் கேட்காமலே சொன்னார். இந்த மனுசனுக்குப் பொய் சொல்லவும் தெரியவில்லை.

“சொட்டர் போட்டுக்கங்க மச்சான்” என்றேன்.

“ம்” என்றார்.

அடுத்த பிளானிலும் அந்தச் சின்ன விரல்தான். அதற்கடுத்ததிலும் அதுதான். நான் ஒவ்வொரு முறையும் அளந்தேன். அவர் ஒவ்வொரு வியாழனும் குளிரைப் பற்றியே பேசினார். நானும் சுவெட்டரைப் பற்றியே பேசினேன். விசா என்ன ஆயிற்று என்று கேட்பதை நிறுத்திக்கொண்டேன். நான் கேட்காததை அவர் கவனித்திருப்பார். ஏன் கேட்கவில்லை என்று அவரும் கேட்கவில்லை. அந்த நாட்களைப் போல நான் அவ்வளவு தனியாக எப்போதும் இருந்ததில்லை. அவர் போன நாளில்கூட இல்லை. அப்போது அவர் எங்கே இருக்கிறார் என்றாவது எனக்குத் தெரியும்.

நான் ஏன் நேராகக் கேட்கவில்லை என்றால், கேட்டால் அந்த வீடு போய்விடும். கேட்காதவரை அது தாளிலாவது இருக்கும். என் கோபம் ஊரறிந்தது. ஆனாலும் அந்தக் கேள்வியை மட்டும் கேட்காமலே ஒவ்வொரு வியாழனும் போனை வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்குத் துணி காயப்போட ஏறினேன். அம்மா குந்தி உட்கார்ந்து நார்த்தங்காய்த் துண்டுகளைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற தெரு. மாடியில் எதைக் காயவைத்தாலும் வெள்ளைத் தூசி படியும். அதற்காக மேலே ஒரு மெல்லிய சேலைத் துணியைக் கட்டி, அதற்குள் கையை விட்டு ஒவ்வொரு துண்டாகப் புரட்டினாள்.

“எதுக்கும்மா இவ்வளவு?”

“நீ போற எடத்துல நார்த்தங்காய் கெடைக்குமா? அவருக்கு ஊறுகா இல்லாம சோறு எறங்காதுன்னு ஒங்க மாமியாரு சொன்னாங்கல்ல. ஒரு வருசத்துக்கு வரணும்ல.”

வெயிலில் அவள் முகம் சிவந்திருந்தது. நான் துணி பக்கெட்டை வைத்துவிட்டுக் கீழே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆபீஸில் சார் கிளம்பும்வரை காத்திருந்தேன். வேலை நாளில் நான் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டதே இல்லை, மிஸ்டு கால்கூடக் கொடுத்ததில்லை. அன்றைக்குக் கொடுத்தேன். உடனே திருப்பிக் கூப்பிட்டார்.

“என்ன ஆச்சு? அம்மாவுக்கு ஏதாச்சுமா? ஒனக்கு ஒடம்பு சரியில்லயா?”

அவர் குரலுக்குப் பின்னால் ஏதோ ஒரு மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. யாரோ இந்தியில் கத்தினார்கள்.

“ஒண்ணுமில்ல. எல்லாரும் நல்லா இருக்காங்க. எங்க இருக்கீங்க?”

“ஆபீஸ்லதான். போன் வந்துச்சேன்னு வெளிய வந்தேன், அதான் சத்தம்.”

“மச்சான், வெயில்ல தலைக்கு எதையாச்சும் கட்டிக்கிறீங்களா?”

மெஷின் மட்டும் ஓடியது. லைன் போகவில்லை என்பது அதனால்தான் தெரிந்தது.

“யாரு சொன்னா?” என்றார் கடைசியில்.

“யாரும் சொல்லல. பிளான்ல இருக்குறது ஒங்க வெரல் இல்ல. அளந்து பாத்தேன்.”

அவர் சிரிக்கத்தான் பார்த்தார். பாதியில் அது வேறாகிவிட்டது. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு கொட்டித் தீர்த்தார். மேனேஜருடைய ஊர்ப் பையன் ஒருவன் வந்தானாம். அவனை அந்தச் சீட்டில் உட்காரவைத்துவிட்டு இவரை டைல்ஸ் இறக்கும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். திரும்பக் கூப்பிடுவார்கள், கூப்பிட்டதும் எல்லாவற்றையும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாராம்.

“இத்தன நாள்ல அந்த ஆபீஸ்ல ஒருத்தன் கேக்கல புள்ள, அந்த ஆளு எங்கன்னு. தெனம் அவங்களுக்கு டீ வாங்கிக் குடுத்திருக்கேன். ஒருத்தனுக்கும் நான் இல்லாதது தெரியல. நீ அங்க ஒக்காந்துட்டு எப்புடி...”

நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். கீழே உரக்கடையில் யாரோ விதை மக்காச்சோளம் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப நான் வர முடியாது. அப்படித்தான?”

“சைட் ஆளுக்கு ஃபேமிலி விசா கெடையாது.”

“வூடு?”

“அதுவுந்தான்.”

எனக்கும் அழுகை வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன். என்னைவிட அவர்தான் பாவம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை, பொய் சொல்ல மாட்டேன். சமையலறை ஜன்னல்தான் மனதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் இன்னும் லைனில் இருக்கிறார் என்பதே நினைவுக்கு வந்தது.

“இவ்வளவு சத்தம் போடுதே, வியாழக்கிழம பேசும்போது கேக்கவே இல்லயே?” என்றேன்.

“அப்ப தண்ணி டேங்குக்கு அந்தாண்ட நடந்து போயிருவேன். கால் மணி நேரம் நடக்கணும். அங்க ஒண்ணும் கேக்காது.”

“இப்ப?”

“இப்பவும் போகட்டுமா?”

“வேணாம். நெழல் இருந்தா அங்கயே ஒக்காருங்க.”

அவர் உட்காரும்போது ஒரு முனகல் கேட்டது, முதுகு வலிக்கிறவர்கள் உட்காரும்போது வருகிற முனகல். அதை இத்தனை மாதங்களில் நான் கேட்டதே இல்லை. அவர் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அந்த மெஷின் சத்தத்தை இரண்டு பேரும் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.